பரராசசேகரமும் மல்லிக் குடிநீரும்

யாழ்ப்பாணத்து நாட்டு வைத்தியர் ஒருவரிடஞ் சென்று, 'பரராசசேகரம் தங்களிடம் உண்டோ?' என வினாவினால், அவர் அரசனொருவனை நினையார், புத்தகமொன்றையே நினைப்பார். நல்லூரிலிருந்து அரசு செலுத்திய மன்னர் தரித்த பட்டப் பெயர் அது. அம்மன்னரின் முடியும் அரண்மனையும் மறைந்து நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், நோய்க்குறி கூறி மருந்து வகுக்கும் நூலொன்றின் பெயராக அப்பட்டம் நிலைத்து நிற்கின்றது. அரசன் முடியிலிருந்த பெயர் குடிநீர்ப் பானைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? இதற்கு விடை காணப் புகுவோர் இரண்டு வரலாறுகளை ஒருங்கே ஆராய்தல் வேண்டும். ஒன்று அரசர் பட்டப் பெயர்களின் பிறப்பு. மற்றையது நம் அடுக்களைகளில் இன்றும் ஆவி பறக்கும் காரச் சுடுபானங்களின் பிறப்பு. இவை தம்முள் தொடர்பற்றனபோலத் தோன்றினும், சொற்களின் வழியே செல்வோமாயின் ஓரிடத்திற் சந்திப்பதைக் காண்போம்.

1. அரசனைக் குறிக்குஞ் சொற்கள்

தமிழிலே அரசனைக் குறிக்குஞ் சொற்கள் பல. அவை ஒவ்வொன்றும் ஆட்சியின் ஒவ்வொரு தொழிலைக் காட்டுவன. கோன் என்னுஞ் சொல் ஆநிரை மேய்ப்போனையும் அரசனையும் ஒருங்கே குறிப்பது. நிரையைக் காப்பவனே நாட்டையுங் காப்பவன் என்னும் பழங்கருத்து அதனுள் அடங்கியிருக்கின்றது. இறை என்பது அரசனுக்கும் பெயர், கடவுளுக்கும் பெயர், அரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரிக்கும் பெயர். வேந்தன் என்னும் பெயரைப் பழந்தமிழ்ப் புலவர் பெரும்பாலும் சேர சோழ பாண்டியராகிய முடியுடை மூவர்க்கே உரிமையாக்கினர். சிறுநிலத் தலைவரை வேள் என்றும் மன்னர் என்றும் வழங்கினர். ஆகவே பட்டங்களுக்குள் உயர்வு தாழ்வு வகுத்தல் பிற்காலத்தார் கண்ட புதுமையன்று.

அரசன் என்னுஞ் சொல் வடமொழி ராஜன் என்பதன் திரிபு என்பது மொழிநூலார் பலரது துணிபு. அதனோடு ஒரே வேரிற் பிறந்ததே உரோமர் தம் அரசனைக் குறிக்க வழங்கிய 'ரெக்ஸ்' என்னும் இலத்தீன் சொல். இனிச் சக்கரவர்த்தி என்பது, தன் தேராழி எத்திசையிலுந் தடையின்றி உருளச் செல்பவன் என்னும் பொருளது. கடல் சூழ்ந்த உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கே அது தகும் என்பது நூல்களின் கருத்து.

ஒருவனுடைய இயற்பெயரே பட்டமாக மாறுதலும் உண்டு. உரோமாபுரித் தலைவனாகிய சீசருடைய குடிப்பெயர், அவனுக்குப் பின்வந்தோர்க்குப் பட்டமாயிற்று. பின்பு ஜெர்மானியரிடையே 'கைசர்' எனவும் உருசியரிடையே 'சார்' எனவும் திரிந்து, உரோமாபுரியைக் கண்டறியாத மன்னர்க்கும் பெருமை தந்தது. 1917ஆம் ஆண்டு உருசியாவிலும், அதற்கடுத்த ஆண்டு ஜெர்மனியிலும் அப்பெயரைத் தாங்கிய அரசுகள் வீழ்ந்தன. ஒரு மனிதனின் பெயர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பட்டமாக உலாவியமை வியப்பிற்குரியதே.

2. நல்லூர் மன்னரின் பட்டங்கள்

யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்பட்டனர். இப்பெயரை ஈழவரலாற்றில் நாம் முதலிற் காண்பது, 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் அனுப்பிய படையின் தலைவன் பெயராக ஆகும். அவன் யாப்பகூவை நகரை வென்று, புத்தரின் தந்ததாதுவைக் கவர்ந்து பாண்டி நாட்டுக்குக் கொண்டுசென்றான் எனச் சூளவம்சங் கூறுகின்றது. அந்நூலை எழுதிய பிக்கு, அவன் ஆரியனல்லனாயினும் ஆரியச்சக்கரவர்த்தி எனப் பெயர் பெற்றவன் என்று ஒரு குறிப்பையுஞ் சேர்த்திருக்கின்றார். பட்டத்தின் சொற்பொருளும் அதனைத் தாங்கியவனின் மெய்ந்நிலையும் வேறு வேறு என்பது அக்காலத்தார்க்கே தெரிந்திருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று. அப்பெயர் சேதுவிலிருந்த பிராமணக் குடியின் தொடர்பால் வந்ததென்பார் சிலர். பாண்டியர் தம் அலுவலர்க்கு வழங்கிய பட்டமென்பார் வேறு சிலர். எவ்வாறாயினும், பணியாளன் ஒருவன் பெற்ற பெயர் பின்னர் ஓர் அரச வமிசத்தின் பெயராக வளர்ந்தது என்பது தெளிவு.

1344ஆம் ஆண்டு, மாலைதீவினின்றும் புறப்பட்ட இபன் பட்டூட்டா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் புத்தளத்துக் கரையை அடைந்து, அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். அரசன் பாரசீக மொழி அறிந்திருந்தான் என்றும், அவனிடம் அகில் தைலம் இட்ட மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்தது என்றும், கரையோரமெங்குங் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தன என்றும் அவர் எழுதிவைத்தார். அரசனுடைய பட்டத்தை அவர் தம் நாவிற்கு இயன்றவாறு அரபெழுத்திற் பொறித்தார். சக்கரவர்த்தி என்னும் பட்டமும் கறுவாவும் ஒரே பயணியின் ஏட்டில் ஒருங்கே பதிவாகியிருத்தல் நம் ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும்.

இவ்வரசர் முடிசூடும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரண்டு பட்டங்களை ஒருவர்பின் ஒருவராக மாறிமாறித் தரித்தனர். சேகரம் என்பது தலையிற் சூடும் அணி. சந்திரனைச் சூடியவன் சந்திரசேகரன் என்பதை நாம் அறிவோம். இங்கே பொருள் சிறிது வேறுபடும். செகத்திலுள்ள அரசர்க்கெல்லாம் முடிமணிபோன்றவன் செகராசசேகரன். பிறநாட்டு அரசர்க்கும் முடிமணியாயினான் பரராசசேகரன்.

இரண்டு பட்டங்களை மாறிமாறித் தரிக்கும் வழக்கம் நல்லூரில் முளைத்ததன்று. சோழர் இராசகேசரி என்றும் பரகேசரி என்றும் மாறிமாறிப் பெயர் தரித்தனர். தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்த முதலாம் இராசராசன் இராசகேசரி; அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பரகேசரி. பாண்டியரிடையே மாறவர்மன், சடையவர்மன் என்னும் பெயர்கள் வழங்கின. அநுராதபுரத்துச் சிங்கள மன்னரும் சிறிசங்கபோதி, அபயசலாமேவன் என இரு பெயர்களை மாற்றிச் சூடினர். பாக்குநீரிணையின் இருகரையிலும் ஒரே வழக்கம் நிலவியமை இதனாற் புலனாகும்.

இவ்வழக்கத்தால் விளைந்த பயன் ஒன்று உண்டு. இடரும் ஒன்று உண்டு. ஆள்பவர் மாறினும் அரசு மாறாது என்னும் நம்பிக்கை குடிகளுக்கு உண்டாயிற்று. ஆனால், ஒரு சாசனத்திலோ நூலிலோ 'செகராசசேகரன்' என மாத்திரம் இருப்பின், அவன் எந்தச் செகராசசேகரன் என ஆராய்ச்சியாளர் இடர்ப்படுவர். பட்டம் மனிதனை மூடிவிடுகின்றது. 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாஞ் சங்கிலி செகராசசேகரன் என்னும் பட்டந் தரித்தவன் என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கின்றனர்? மக்கள் வாயில் நின்றது சங்கிலி என்னும் இயற்பெயரே.

1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். இரண்டாஞ் சங்கிலி கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். அதன்பின் இவ்விரு பட்டங்களையுஞ் சூட எவரும் இல்லை. அந்நிய அரசினர் தமக்குப் பணிசெய்தார்க்கு முதலியார் முதலிய வேறு பட்டங்களை வழங்கினர்.

3. பட்டங்கள் அடைக்கலம் புகுந்த இடங்கள்

அரண்மனையை இழந்த பட்டங்கள் மூன்றிடங்களிற் புகலடைந்தன.

முதலாவது கோயில். தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே தெற்கு நோக்கி யாழ்ப்பாணஞ் செல்வோர் இணுவிலைக் கடந்தே செல்வர். அவ்வூரிலே பரராசசேகரப் பிள்ளையார் கோயில் ஒன்றும், செகராசசேகரப் பிள்ளையார் கோயில் ஒன்றும் உண்டு. மன்னர் மாறிமாறிச் சூடிய இரு பெயர்களும் ஓரூரில் விநாயகப் பெருமானுக்கு அடைமொழியாய் நிற்கின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கூறப்படும் கட்டியத்திலோ சிறிசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. சிங்கள மன்னர் சூடிய பட்டம் தமிழர் வழிபாட்டில் அழியாது நிற்றல் எண்ணி மகிழத்தக்கது.

இரண்டாவது நூல். செகராசசேகரமாலை என்னுஞ் சோதிட நூலும், செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும் அம்மன்னரின் ஆதரவிலே எழுந்தன. தலைநோய், கருப்ப நோய், பிள்ளைநோய், சுரம், சன்னி, வாத பித்த சிலேற்பன நோய்கள் எனப் பகுத்து, குறிகளையும் மருந்துகளையும் செய்யுளிற் கூறுவது பரராசசேகரம். ஏட்டில் இருந்த இதனை, தெல்லிப்பழைக்கு அயலூராகிய ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் 1920களின் இறுதியிலும் 1930களிலுமாகப் பல பாகங்களில் அச்சிற் பதிப்பித்தார்கள். செகராசசேகர வைத்தியமும் அவர்கள் முயற்சியால் வெளிவந்தது. ஈழத்துச் சித்த மருத்துவர் இன்றும் இவற்றைக் கற்கின்றனர்.

அரசன் பெயரை மருந்து காத்தல் பிறநாட்டிலும் நிகழ்ந்ததுண்டு. உரோமரை எதிர்த்துப் போர்செய்த பொந்து நாட்டு மன்னன் மித்திரதாத்து, நஞ்சுக்கு அஞ்சிப் பல சரக்குகளைக் கூட்டி மாற்று மருந்து செய்வித்தான் என்பர். அவன் நாடு அழிந்தது. ஆயினும் அவன் பெயரால் வழங்கிய அம்மருந்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் 18ஆம் நூற்றாண்டு வரை விற்கப்பட்டது. நம் நாட்டிலே, 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாச மன்னனைச் சூளவம்சம் போற்றுவது அவன் வென்ற போர்களுக்காக அன்று; அவன் தன் கையாற் செய்த வைத்தியத்திற்காகவே.

மூன்றாவது இடம் யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

4. குடிநீரைக் குறிக்குஞ் சொற்கள்

இனிப் பானங்களுக்கு வருவோம். சரக்குகளை நீரிலிட்டு வற்றக் காய்ச்சி இறுத்தெடுப்பதைத் தமிழ் வைத்தியர் குடிநீர் என்றனர். அதற்கு வழங்கும் வடசொல் கஷாயம். துவர்ப்பு என்பது அதன் முதற்பொருள். மூலிகைகளுட் பல துவர்ப்புடையனவாதலின், சுவையின் பெயர் பானத்திற்கு ஆயிற்று. இரசம் என்பதும் சாறு, சுவை என்னும் பொருளுடைய வடசொல்லே.

தண்ணீர் என்பது தண்மை, நீர் என்னும் இரு சொற்களாலாயது. குளிர்ந்த நீர் என்பதே அதன் நேர்ப்பொருள். வெம்மையுடையதனை வெந்நீர் என்றனர் பழந்தமிழர். ஆனால் வழக்கிலே தண்ணீர் தன் குளிர்ச்சியை இழந்து, நீர் என்னும் பொதுப்பொருளையே தருவதாயிற்று. அதனால் நாம் 'சுடுதண்ணி' என்கின்றோம்; அடுப்பினின்றும் இறக்கிய மல்லிக் குடிநீரை 'மல்லித்தண்ணி' என்கின்றோம்; தேயிலைச் சாயத்தைத் 'தேத்தண்ணி' என்கின்றோம். மிளகுத்தண்ணீர் என்னும் நம் சொல்லைச் சென்னையிலிருந்த ஆங்கிலேயர் 'மல்லிகட்டோனி' எனத் திரித்து, இறைச்சியும் பிறவுங் கூட்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தம் உணவுமேசைக்கு உரியதாக்கினர். குளிர்நீர் எனப் பொருள்படுஞ் சொல்லொன்று இங்கிலாந்துக் குளிரிலே சுடச்சுடப் பரிமாறப்பட்டது.

தண்ணீர் சுடுவதற்கும், தீவக்குறை ஒன்றை ஆண்டவன் சக்கரவர்த்தி ஆவதற்கும் நீதி ஒன்றே. சொல்லின் பிறப்பு ஓரிடம். அது செல்லும் இடம் மற்றோரிடம். பிறப்பை அறிதல் அறிவுக்கு இன்பம். ஆயினும் பிறப்பைக் கொண்டே அதன் இன்றைய பொருளை அளத்தல் தவறாகும். சீரகம் என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். அகத்தைச் சீராக்குவதாற் சீரகம் எனப்பட்டது என நம்மவர் அழகாக உரைப்பர். ஆனால் அது ஜீரகம் என்னும் வடசொல்லின் தமிழ்வடிவமேயாகும். அழகிய விளக்கம் எல்லாம் உண்மையான விளக்கம் ஆகாது என்பதை மாணாக்கர் மனத்திற் கொள்ளுதல் நன்று.

இஞ்சியின் வரலாறு இதற்கு மறுதலையானது. தமிழ் இஞ்சியும் வேரும் இணைந்த சொல்லே பாளியிற் சிங்கிவேரமாகி, கிரேக்கத்திற் 'சிங்கிபெரிசு' ஆகி, ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆயிற்று என மொழிநூலார் பலர் கொள்வர். வடமொழியார் அதனைச் சிருங்கவேரம் என வழங்கி, கொம்பு போன்ற வடிவுடையது எனப் பொருள் விரித்தனர். உலர்ந்த இஞ்சியைத் தமிழகத்தார் சுக்கு என்பர். நாமோ வேர்க்கொம்பு என்கின்றோம். வேரும் கொம்பும் நம் சொல்லில் ஒருங்கே நிற்றல் ஒப்புநோக்கத்தக்கது.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகம் எனப்படும். நல்லாதனார் இயற்றிய நீதிநூல் ஒன்று இப்பெயர் பூண்டது. ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் அவ்வாறே மருந்தின் பெயர் பெற்ற நூல்கள். அரசன் பெயர் மருந்து நூலுக்கு ஆயதுபோல, மருந்தின் பெயர் அறநூலுக்கு ஆயிற்று. உடற்பிணிக்கு மருந்தும் உளப்பிணிக்கு அறமும் ஒன்றற்கொன்று உவமையாதல் தமிழர் மரபு.

சிங்கள மக்களிடையே வழங்கும் 'பஸ்பங்குவ' என்னுங் குடிநீரின் பெயர் ஐந்து பங்கு என்னும் பொருளது. மல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் என்பன அவ்வைந்துமாம். இவை நம் வைத்தியருக்கும் புதியனவல்ல. பட்டங்களைப் போலவே பானங்களும் இவ்விரு மக்களிடையே எல்லையறியாது சென்றன.

5. மிளகும் மிளகாயும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த மண். தெல்லிப்பழைச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் செழித்து வளருமன்றி, மிளகுக் கொடி படரும் மழைவளம் அங்கில்லை. மிளகு மலையாளக் கரையிலிருந்தும், கறுவா தென்னிலங்கையிலிருந்தும் வந்தன. மல்லியும் சீரகமும் மேற்காசிய நாடுகளிலும் மத்தியதரைக் கடற்புறத்திலும் தோன்றி இந்தியாவிற் பயிராயின. கிராம்பும் சாதிக்காயும் கீழ்த்திசையிலுள்ள மொலுக்கத் தீவுகளுக்கு உரியன. வணிகப் பொருளைக் குறிக்கும் சரக்கு என்னுஞ் சொல்லே நம்மிடையே மருந்துப் பண்டங்களையுங் குறிப்பதாயிற்று. பிள்ளைபெற்ற தாய்க்கு நாம் ஆக்கிக் கொடுப்பது சரக்குக் கறி. கப்பலேறி வந்த பொருள் இவ்வாறு வீட்டு மருந்தாயிற்று. முத்தும் யானையும் கறுவாவும் ஏற்றிய துறைகளைக் காத்த மன்னரின் நாட்டிலே மருந்து நூல்கள் எழுந்தமை தற்செயலன்று.

முதலாஞ் சங்கிலியின் முன்னோர் மிளகாயை அறியார். அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்தது. தமிழர் அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. மிளகுபோலக் காரமுடைய காய் என மிளகாய் என்றனர். வந்தது நாளடைவில் முன்னிருந்ததன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இன்று யாழ்ப்பாணத்துக் கறித்தூள் மிளகாயின்றி அமையாது. நல்லூர் அரசின் பட்டங்களை நீக்கியவர் கொணர்ந்த காயே நம் அடுக்களையில் மிளகின் ஆட்சியையும் நீக்கியது எனலாம்.

ஆயினும், நோயாளிக்குக் கொடுக்கும் குடிநீரில் மிளகாய் சேர்ப்பாருண்டோ? இல்லை. மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, சீரகம் என்பனவே அங்கே நிற்கின்றன. பத்தியக் கறியின் உறைப்பும் மிளகினாலேயே ஆவது. அன்றாடக் கறியிற் புதியது புகுந்தது. குடிநீரிலோ பழையது காக்கப்பட்டது. மிளகாய் வருமுன் நம் முன்னோர் அறிந்த காரம் எத்தகையது என அறிய விரும்புவோர் அதனைத் தொல்பொருட்சாலையிலே தேடவேண்டுவதில்லை. ஒரு மூக்குப்பேணி மல்லித்தண்ணியில் அறிந்துகொள்ளலாம்.

பிற்காலத்தில் வந்த பானங்களும் இவ்வழக்கத்துக்குட் பட்டன. கோப்பி அரபியர் வழங்கிய 'கஹ்வா' என்னுஞ் சொல்லிற் பிறந்து, துருக்கியர் ஒல்லாந்தர் வாயிலாகத் திரிந்து வந்த பெயர். இலங்கைக் கோப்பித் தோட்டங்களை 1869ஆம் ஆண்டிற் கண்ட இலைநோய் அழிக்க, தேயிலை அவற்றின் இடத்தைப் பெற்றது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் கோப்பிக் கொட்டையோடு மல்லியையும் வேர்க்கொம்பையும் வறுத்திடித்து, அந்நியப் பானத்தையும் நம் குடிநீரின் உறவாக்கினர்.

6. காய்ச்சும் முறையும் அதன் காரணமும்

மல்லிக் குடிநீர் காய்ச்சும் முறை எளிது. மல்லியை மணம் எழும் அளவிற்கு இளவறுவலாய் வறுத்து, வேர்க்கொம்பை நன்றாகத் தட்டி, வேண்டுமாயின் நாலைந்து மிளகுஞ் சேர்த்து, நீரிலிட்டுக் காய்ச்சி, வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இளஞ்சூட்டிற் பருகுவர். வைத்தியர் கூறும் கஷாயமாயின் எட்டுப்பங்கு நீர் ஒரு பங்காக வற்றவேண்டும் என்பது ஒரு வழக்கு.

இம்முறையின் காரணங்களை இற்றைநாள் இரசாயன நூல் விளக்குகின்றது. மல்லியின் மணம் 'லினலூல்' என்னும், ஆவியாகும் இயல்புடைய பொருளினால் ஆவது. ஆதலால் பானையை மூடாது நெடுநேரங் கொதிக்கவிடின் மணம் அடுக்களையில் நிரம்பும், குடிநீரில் இராது. மூடிக் காய்ச்சுக என்னும் முதியோர் சொல்லின் பொருள் இதுவே. பச்சை இஞ்சியின் காரம் 'ஜிஞ்சரோல்' என்பதனால் வருவது. இஞ்சி உலரும்போது அதனின்றும் நீர்க்கூறு நீங்க, அதனினும் மிக்க காரமுடைய 'சோகோல்' உண்டாகின்றது. யப்பானியர் இஞ்சிக்கு வழங்கும் 'சோகா' என்னும் பெயரே அதற்கு அடிப்படை. வேர்க்கொம்பு பச்சை இஞ்சியினும் உறைப்பதற்குக் காரணம் இதுவாம். மிளகின் காரப் பொருளாகிய 'பிப்பரினை' 1819ஆம் ஆண்டிலே தென்மார்க்கு அறிஞர் ஏர்ஸ்ற்றெட் பிரித்தெடுத்தார். அப்பெயர் நம் பிப்பலி என்னுஞ் சொல்லின் வழிவந்ததே. திப்பிலிக்கு வழங்கிய அவ்வடசொல் கிரேக்கர் வாயிலே மிளகின் பெயராயிற்று.

இப்பானம் தொண்டைக்கு இதமளிக்கும், வியர்வை வரச்செய்யும், சுரங் கண்டவனுக்கு வேண்டிய நீரை விருப்போடு பருகச்செய்யும். அம்மட்டில் அதன் பெருமை மெய்யானது. அதற்கு மேலேற்றிக் கூறுவார் சொல்லை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று உலகை வருத்தியபோது, மல்லியும் இஞ்சியும் இலங்கை முழுவதும் விரும்பித் தேடப்பட்டன. அவ்வாண்டு திசெம்பர் மாதத்திலே கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி தொற்றை ஒழிக்கும் என நம்பி ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் நெருங்கித் திரண்டனர். அப்பாணியைப் பலர் காணப் பருகிய அமைச்சர் ஒருவரையும் பின்னர் அத்தொற்றுப் பற்றியது. பெருநோய்க்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையையும், 2013ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையையும் நாடவேண்டியவர், குடிநீரையே நம்பி நாட்களைக் கழித்தல் அறிவுடைமையாகாது. ஒரு பட்டத்திற்கு அதன் எல்லை இருப்பதுபோல மருந்துக்கும் எல்லை உண்டு. செகம் முழுவதுக்கும் முடிமணி எனச் சொல்லிக்கொண்ட மன்னனாலும் தன் துறைமுகத்தைக் காத்தல் இயலாதுபோயிற்று அன்றோ?

7. எஞ்சியதைக் காத்தல்

இக்கட்டுரையை வெறுஞ் சொல்லாராய்ச்சியாக முடித்தற்கு மனம் ஒருப்படவில்லை. பரராசசேகரம் நமக்குக் கிடைத்தது எங்ஙனம்? மன்னன் ஆணையால் மாத்திரம் அன்று. 1619ஆம் ஆண்டிற்குப்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், பெயரறியாத வைத்தியக் குடும்பத்தார் பழுதுற்ற ஏடுகளை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதினர். பின்னர் ஓர் ஊரவர் முயன்று அவற்றைத் தேடி அச்சேற்றினார். அச்சேறாத ஏடுகள் எத்தனையோ அழிந்தன. 1981ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றோடு கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தனர். நெடுங்காலத்தின்பின் தங் காணிகளை மீளப்பெற்றோருட் பலர் அங்கே கண்டது வீட்டின் அத்திவாரத்தை மாத்திரமே. வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் இருந்த ஏடுகளைக் கேட்க வேண்டுமோ?

1984ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் ஒரு கல்வித்துறையாகக் கற்பிக்கப்படுகின்றது. பெருநூல்களைக் காக்கும் கடமையை அத்துறையினர் ஏற்றுள்ளனர். ஆனால் நூலேறாத சிறுவழக்குகளைக் காப்பார் யார்? இந்தக் குடிநீருக்கு எத்தனை மிளகு, எந்த நோய்க்கு வறுத்த மல்லி, எதற்குப் பச்சை மல்லி, பிள்ளைக்கு எவ்வளவு, முதியோர்க்கு எவ்வளவு என்பன வீட்டு முதுபெண்டிரின் நினைவில் மாத்திரம் உள்ளன. அவர்களோடு அவையும் மறையும்.

வெள்ளவத்தையிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் பழைய மாணவரே! தங்கள் இல்லத்து மூத்தோரிடம், அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே, இவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அளவையும், ஊரையும், அவர்கள் வாயில் வழங்குஞ் சொல்லையும் அவ்வாறே எழுதுதல் வேண்டும். வேர்க்கொம்பைச் சுக்கு எனத் திருத்துதல் வேண்டா. பழைய ஏடு எவரிடமேனும் இருக்குமாயின், அதனைப் பூசையறையிற் கட்டிவைத்துச் செல்லுக்கு இரையாக்காமல், படம்பிடித்துப் பல்கலைக்கழகத்தார்க்கு ஒரு படி கொடுத்தல் வேண்டும். பெயர்த்தெழுதிய அக்காலத்தார்க்கு ஓராண்டு பிடித்த வேலை நமக்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை.

நல்லூர்ப் பட்டங்கள் புகலடைந்த மூன்றாவது இடத்தைக் கூறாது நிறுத்தினோம். அது நம் தாய்மாரின் வாய். செகராசன், பரராசன் என்னும் அடைகள் உதிர்ந்துபோயின; ராசா என்னும் அடிச்சொல் மாத்திரம் எஞ்சியது. சுரத்தில் முனகும் பிள்ளையை மடியிற் கிடத்தி, உறைக்கும் குடிநீரை ஊதி ஆற்றி, 'என்ரை ராசா, இன்னுமொரு மிடறு குடியணை' என ஒரு தாய் கெஞ்சும்போது, அரசர் பட்டமும் அடுக்களைக் குடிநீரும் ஒன்றாகச் சேர்கின்றன. முடியோ கொடியோ அங்கில்லை. ஒருயிரைக் காக்கும் அன்பு உண்டு. ஆநிரையைக் காத்தமையாற் கோன் எனப் பெயர் பெற்றவனுக்கு அமைந்த முதற்பொருளும் அதுவே.